‘பிரெட்டா... யாருக்கு உடம்பு சரியில்ல?’ - கொரட்டூர் குக்கரில் வெந்த அயர்லாந்து ரொட்டி!

எங்கள் வீட்டில் பிரெட் என்பது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை, மருந்து. காய்ச்சல் வந்தால் பிரெட், பால். வயிறு சரியில்லை என்றால் பிரெட், டீ. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் பிரெட், ஹார்லிக்ஸ், நாலு சாத்துக்குடி. நன்றாக இருக்கிற ஆள் பிரெட் பாக்கெட்டோடு தெருவில் நடந்தால், ‘‘வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?’’ என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

இத்தனைக்கும் கொரட்டூரிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பிஸ்கட் கம்பெனி பேரில் ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது, பாடி பிரிட்டானியா. ஆனால், ரொட்டி சுடுவது கம்பெனி வேலை, பேக்கரி வேலை. வீட்டு அடுப்பில் செய்கிற சமாசாரம் இல்லை என்பது அம்மாவின் கட்சி.

அதனால்தான், அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் அக்கா வீடியோ காலில், ‘‘இன்னிக்கு பிரெட்தான்மா சாப்பிட்டேன்’’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அம்மா பதறிப்போனார்.

‘‘ஏண்டி, ஜுரமா?’’

‘‘இல்லம்மா. இங்க அதுதாம்மா சாப்பாடு.’’

‘‘அது எப்படி சாப்பாடாகும்? ஒரு ரசம் வெச்சுக்கக் கூடாதா?’’

அக்கா போய் நாலரை வருஷம் ஆகிறது. கார்க் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். முதியோரைப் பராமரிக்கும் நர்ஸிங் ஹோமில் வேலை. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் நாலரை. அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் நாள் அம்மாவுக்கு மனப்பாடம். தீபாவளி தேதிகூட என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். இது மட்டும் கேட்க வேண்டியதில்லை.

‘சோடா அதிகம்!’

அக்கா சாப்பிட்டது நம்மூர் கடை பிரெட் இல்லை. சோடா பிரெட். மாவு, உப்பு, ஆப்ப சோடா, மோர். இந்த நாலுதான். ஈஸ்ட் கிடையாது, பொங்கும்வரை காத்திருக்கிற வேலை கிடையாது, அடித்துப் பிசைவதும் கிடையாது. கலந்த கையோடு அடுப்பில் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் ரொட்டி. மேலே கத்தியால் ஆழமாக ஒரு சிலுவைக் கோடு போடுவார்கள். ரொட்டிக்குள் இருக்கிற குட்டித் தேவதைகள் வெளியே போவதற்கு வழி என்று அந்த ஊர்ப் பாட்டிகள் சொல்வார்களாம். நிஜக் காரணம், தடித்த ரொட்டியின் நடுப்பகுதிவரை சூடு இறங்க வேண்டும் என்பது.

அக்காவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யூடியூப் இல்லை. அவள் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டி. மறதி நோய். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். பெற்ற மகன் வந்தால்கூட அடையாளம் தெரியாது. ஆனால், தினமும் மாலை 4 மணிக்கு, ‘‘ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்தாச்சா?’’ என்று மட்டும் கேட்பாராம். கேட்டுவிட்டு, யாரோ அடுப்படியில் நிற்பதுபோலக் கதவையே பார்ப்பாராம்.

அந்த ஊர் நர்ஸிங் ஹோமில் வெளிச் சாப்பாட்டை நினைத்தபடி உள்ளே கொண்டுபோக முடியாது. விழுங்குவதில் பிரச்னை இருக்கிறதா, அலர்ஜி இருக்கிறதா என்று ஆயிரம் பார்ப்பார்கள். பொறுப்பு நர்ஸிடம் அனுமதி வாங்கி, ஒரு நாள் அக்கா தன் அறை ஓவனில் ரொட்டி செய்து எடுத்துப் போனாள். வெண்ணெய் தடவிய அரைத் துண்டு. பாட்டி மென்றார். பிறகு, வெகு தெளிவாகச் சொன்னார்: ‘‘சோடா அதிகம்.’’

அது உண்மைதான். கட்டி கட்டியாக இருந்த சோடாவை அக்கா அப்படியே போட்டிருக்கிறாள். ரொட்டியில் அங்கங்கே மஞ்சள் புள்ளி, சோப்புபோல ஒரு கசப்பு. சோடாவை உள்ளங்கையில் கொட்டி, இன்னொரு கையின் விரலால் நசுக்கித் தேய்த்துத்தான் மாவில் போட வேண்டும் என்று பாட்டி செய்து காட்டினார், வெறும் கையில். பெயர் மறந்தவருக்கு அந்தக் கை அசைவு மறக்கவில்லை.

இதைக் கேட்ட நாளிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பாட்டி சொந்தக்காரர் ஆகிவிட்டார். ‘‘பாட்டி சாப்ட்டாங்களா?’’ என்பது தினசரிக் கேள்விகளில் சேர்ந்துகொண்டது. ஆனாலும் ரொட்டி விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை. ‘‘சோடா போட்டதத் தினம் தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்?’’

வறட்டி, தம், குக்கர்

டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவனுக்கு மார்ச் 17 வந்தால் செயின்ட் பேட்ரிக் தினம் பற்றி ஒரு ஸ்டோரி போட்டே ஆக வேண்டும். பச்சைத் தொப்பி, பச்சை பலூன் போட்டோக்கள். இந்த முறை அதை ஓரமாக வைத்துவிட்டு ரொட்டியைத் தேடிப் படித்தேன்.

பெயரில் பாரம்பரியம் இருந்தாலும், சோடா பிரெட்டுக்கு இன்னும் 200 வயது ஆகவில்லை. சமையல் சோடா அயர்லாந்தின் கடைகளுக்கு வந்ததே 1830-களையொட்டித்தான். ஆனால், வந்தவுடன் நாடு முழுக்கப் பிடித்துக்கொண்டது. காரணம், அந்த ஊர்க் கோதுமை. மழையும் ஈரமும் அதிகமுள்ள நிலத்தில் விளைவது மென்மையான கோதுமை. ஈஸ்ட் ரொட்டிக்குத் தேவையான இழுவை அந்த மாவில் குறைவு. சோடாவுக்கு இழுவை தேவையில்லை. புளித்த மோரில் இருக்கிற லாக்டிக் அமிலமும் சோடாவும் சேர்ந்தால் கரியமில வாயு. அந்தக் குமிழிகள்தான் ரொட்டியைத் தூக்குகின்றன. வெண்ணெய் கடைந்த வீட்டில் மோருக்கா பஞ்சம்?

ஏழை வீடுகளில் ஓவன் இல்லை. மூன்று கால் வைத்த கனமான இரும்புச் சட்டி ஒன்று இருந்தது. அதற்கு ‘பாஸ்டிபில்’ என்று பெயர். ரொட்டியை உள்ளே வைத்து, சட்டியை நெருப்பின் மேல் நிறுத்தி, மூடியின் மேலும் நெருப்புத் துண்டுகளை அடுக்குவார்கள். படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது நம்மூர் கல்யாண மண்டபத்தின் பின்பக்கம். பிரியாணி அண்டாவுக்கு தம் போடுவதும் இதேதான். எரிபொருளும் தூரத்துச் சொந்தம்தான். சதுப்பு நிலத்தில் மண்ணோடு மக்கிய செடிகளைக் கட்டி கட்டியாக வெட்டி, வெயிலில் காயவைத்து எரிப்பார்கள். நம் வறட்டியைப்போல.

வடக்கே அல்ஸ்டர் பக்கம் சட்டிகூட வேண்டாம். தட்டையாகத் தட்டி, நாலாக வெட்டி, காய்ந்த இரும்புக் கல்லில் சுடுவார்கள். அந்தக் கால் பங்குத் துண்டுக்கு ‘ஃபார்ல்’ என்று பெயர். அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். ‘‘கல்லு நம்ம கல்லுதான்டா, தோசதான் வேற’’ என்றார்.

சென்னைக்கு அயர்லாந்து ஒன்றும் புதிதில்லை. 1775-ல் கார்க் நகரில் நானோ நாகிள் என்ற பெண்மணி ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தர ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். அந்த பிரசன்டேஷன் சபைச் சகோதரிகள் 1842-ல் கப்பலேறி மெட்ராஸ் வந்தார்கள். ஜெயலலிதா படித்த சர்ச் பார்க் பள்ளி அவர்கள் நடத்துவதுதான். இப்போது கார்க்குக்கு நம் பக்கத்திலிருந்து பெண்கள் போகிறார்கள், வைத்தியம் பார்க்க. அப்படி ஒரு போக்குவரத்து.

அம்மா பிசைந்த கல்

போன நவம்பரில் ஒரு நாள் அக்காவின் கால் வழக்கமான நேரத்தில் வரவில்லை. இரவு 11 மணிக்கு வந்தது. பாட்டி போய்விட்டார். அக்கா டியூட்டியில் இருந்தபோதே. அழவில்லை, சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அம்மாவும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: ‘‘அந்த ரொட்டி எப்படிடா பண்ணணும்?’’

எங்களிடம் ஓவன் இல்லை. குக்கர் கேக் பார்த்த வீடுகளுக்கு இது பெரிய விஷயமில்லை. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்ட், அதன் மேல் தட்டு. பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு உள்ளே வைக்க வேண்டியது.

நான் அளவைப் படித்தேன், அம்மா கலந்தார். கலந்ததோடு நிறுத்தவில்லை. முப்பது வருடமாகச் சப்பாத்தி மாவு பிசைந்த கை. அடித்து, மடித்து, உருட்டி, பளபளவென்று ஒரு பந்து. ‘‘ரொம்பப் பிசையக் கூடாதாம்மா’’ என்றதற்கு, ‘‘பிசையாம எப்படி மிருதுவா வரும்?’’ என்றார். பிறகு, சப்பாத்தி வழக்கப்படி ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் ஊறவும் வைத்தார்.

வெந்து வந்தது ரொட்டி இல்லை. பாடி மேம்பாலத்துக்கு முட்டுக் கொடுக்கலாம் என்று அப்பா சொன்னார். சப்பாத்திக்கு எது நல்லதோ, அதெல்லாம் இதற்குக் கெட்டது. பிசைய பிசைய மாவில் இழுவை ஏறும், ரொட்டி ரப்பராகும். சோடா மோரைத் தொட்ட நொடியிலேயே குமிழி விட ஆரம்பித்துவிடும். அரை மணி நேரம் துணி போட்டு மூடினால், அடுப்புக்குப் போகும்போது உள்ளே காற்று மிச்சம் இருக்காது.

இரண்டாவது தடவை அக்கா வீடியோ காலில் இருந்தாள். அடுப்படி மேடையில் மிளகாய்த்தூள் டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்தோம்.

‘‘அம்மா, வெரல நகம் மாதிரி விரிச்சு வெச்சுக்கோ. ஒரு சுத்து, ரெண்டு சுத்து. போதும், கைய எடு!’’

‘‘ஒட்டுதுடி.’’

‘‘ஒட்டணும். எடும்மா கைய!’’

மகள் அதட்ட, அம்மா கையைத் தூக்கிக்கொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன். சோடாவை உள்ளங்கையில் போட்டு விரலால் தேய்த்தது மட்டும் யாரும் சொல்லாமலே நடந்தது. ஒரு முறை கேட்டதே அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு எங்கள் வீட்டு அளவு: மைதா 225 கிராம் (பாதி கோதுமை மாவும் போடலாம், நிறமும் ருசியும் கூடும்), ஆப்ப சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், நன்றாகப் புளித்த கெட்டி மோர் 175 முதல் 200 மில்லி. மோர் புளிக்கவில்லை என்றால் வேலைக்கு ஆகாது; சோடா அப்படியே தங்கி நாக்கைக் கரிக்கும். இரண்டு அங்குல உயரத்துக்குத் தட்டி, சிலுவைக் கோடு போட்டு, உடனே குக்கருக்குள். சின்னத் தீயில் 45, 50 நிமிடம். மேல்பக்கம் வெளுப்பாகவே இருக்கும்; கடைசியில் தோசைக்கல்லில் கவிழ்த்து நிறம் ஏற்றிக்கொள்ளலாம். வெந்ததா என்று பார்க்க அடிப்பக்கத்தை விரலால் தட்ட வேண்டும். ‘டொக் டொக்’ என்று வெறும் பானை சத்தம் வந்தால் சரி. அம்மா தேங்காய் வாங்குகிற முகத்தோடு காதருகே வைத்துத் தட்டினார்.

வெண்ணெயோடுதான் சாப்பிட வேண்டும் என்று அக்கா சொன்னாள். எனக்குப் பிடித்தது பூண்டு ஊறுகாயோடு. அப்பா டீயில் தோய்த்துக்கொண்டார். அவரைத் திருத்த முடியாது.

கிழங்கும் மோரும்

அந்தப் பாட்டி ரொட்டியைவிட அதிகம் பேசியது உருளைக்கிழங்கு கேக் பற்றி என்றாள் அக்கா. வேகவைத்த கிழங்கைச் சூடாக மசித்து, அதன் எடையில் கால் பங்கு மைதா, கொஞ்சம் வெண்ணெய், உப்பு. வட்டமாகத் தேய்த்து, நாலாக வெட்டி, எண்ணெய் விடாத கல்லில் இரண்டு பக்கமும் சுடுவது. இதற்கு அம்மாவிடம் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. ஆலு பராத்தாவுக்கு உள்ளே வைப்பதை வெளியே கொண்டுவந்தால் முடிந்தது. ஆனால், கிழங்கில் தண்ணீர் நிற்கக் கூடாது. கொரட்டூர் மார்க்கெட்டில் ஊட்டிக் கிழங்குக்குக் கிலோவுக்குக் கூடக் கொடுக்க வேண்டும். கொடுக்கலாம். மசித்தால் மாவாக உதிர்கிறது.

எளிமையான இந்தப் பண்டத்துக்குப் பின்னால் இருப்பது எளிதில் ஜீரணிக்கிற கதை இல்லை. 1845-க்கு முன் அயர்லாந்தின் ஏழைக்கு மூன்று வேளையும் கிழங்குதான், தொட்டுக்கொள்ள மோர். வயலில் உழைக்கும் ஓர் ஆள் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு கிலோ சாப்பிட்டிருக்கிறார். நல்ல நிலத்தின் கோதுமையும் ஓட்ஸும் குத்தகைப் பணமாக மாறிவிட, மிஞ்சிய துண்டு நிலத்தில் குடும்பத்தைக் காப்பாற்றக் கூடிய பயிர் அது ஒன்றுதான். அந்த ஆண்டு செடிகளில் கருகல் நோய் வந்தது. தோண்டினால் கிழங்கு கறுத்து, அழுகி, நாறியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேருக்கு மேல் கப்பலேறிப் போனார்கள். அப்போதும் அந்தத் தீவிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது.

நமக்கும் அது தெரிந்த கதை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். ஆண்டவர்கள் அதே ஆட்கள். ஏற்றுமதி நிற்காததும் அப்படியே. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, போதும் என்று கணக்குப் போட்டார் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி. சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில் பசியோடு வந்தவர்கள் வெட்டியது. பறக்கும் ரயிலில் அதன் மேலேயே போய் வருகிறோம்.

அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, ‘‘அதான் கப்பலேறிக் கப்பலேறிப் போற ஊரா அது?’’ என்று கேட்டார். அம்மா கல்லில் கிழங்கு கேக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். ‘‘அவங்கல்லாம் திரும்பி வந்தாங்களா?’’ என்று அங்கிருந்தே கேட்டார்.

பெரும்பாலானோர் வரவில்லை என்பதைச் சொல்ல எனக்கு மனசில்லை. அவர் கேட்டது எதை என்று தெரிந்ததால்.

லேப்டாப்பில் ஒரு ஃபாரம்

அக்காவுக்கு இன்னும் ஆறு மாதத்தில் அங்கே ஐந்து வருடம் முடிகிறது. அதன் பிறகு அந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அதை வாங்கினால் இதைக் கொடுத்துவிட வேண்டும். வந்து போக, தங்க ‘ஓ.சி.ஐ’ அட்டை வாங்கிக்கொள்ளலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. எங்களிடம் விற்கவோ வாங்கவோ நிலம் இல்லை என்பதால், அம்மா பிடித்துக்கொண்டது ஓட்டை மட்டும்.

‘‘அப்ப எலெக்‌ஷனுக்கு வரமாட்டாளா?’’

இதுவரை எந்த எலெக்‌ஷனுக்கும் அவள் வந்ததில்லை என்பதை அப்பா நினைவூட்டிப் பார்த்தார். எடுபடவில்லை.

இந்தப் பேச்சு நேராக நடப்பதில்லை. எங்கள் வீட்டில் எதுவுமே நேராகப் பேசப்படுவதில்லை. ரொட்டி வழியாகத்தான் நடக்கிறது. ‘‘அங்க மோர் நல்லா புளிக்குதா?’’ என்றால் குளிர் எப்படி என்று அர்த்தம். ‘‘எத்தன பேருக்குப் பண்ணின?’’ என்றால் யாரோடு இருக்கிறாய் என்று அர்த்தம். அக்டோபர் கடைசியில் ஹாலோவீனுக்கு அங்கே ‘பார்ம்ப்ராக்’ என்று திராட்சை போட்ட ரொட்டி ஒன்று செய்வார்கள். உள்ளே ஒரு மோதிரத்தை ஒளித்து வைப்பது வழக்கம். யார் துண்டில் மோதிரம் வருகிறதோ, அவருக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணம். இதை நான் வாய் தவறி அம்மாவிடம் சொன்னேன். அடுத்த காலிலேயே கேட்டார்: ‘‘ஏண்டி, அந்த மோதிர ரொட்டிய நீ சாப்பிடுறதில்லையா?’’

அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை. ‘‘ஃபாரத்த ஓப்பன் பண்றேன், பேரு, பொறந்த ஊரு போடறேன், மூடிடறேன்டா’’ என்று என்னிடம் மட்டும் சொன்னாள். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் கொரட்டூர் என்று போடுவதா, சென்னை என்று போடுவதா என்பதிலேயே ஒரு நாள் போயிருக்கிறது. அம்மாவிடம் ‘போ’ என்றும் சொல்ல முடியாது, ‘வா’ என்றும் சொல்ல முடியாது. நாலரை வருஷச் சம்பளத்தில்தான் அப்பாவின் ஆபரேஷனும் வீட்டுக் கடனும் முடிந்தன. அது அம்மாவுக்கும் தெரியும்.

பொங்கலுக்கு மூன்று வாரம் லீவில் வருகிறாள். என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டதற்கு, வழக்கமாக சாக்லேட், சென்ட், தெருவில் கொடுக்க சோப்பு என்று ஒரு லிஸ்ட் போகும். இந்த முறை அம்மா, ‘‘அந்த ஊரு மாவு ரெண்டு கிலோ கொண்டா. நம்ம மைதால எப்படி வருது, அதுல எப்படி வருதுன்னு பார்க்கணும்’’ என்றார்.

‘‘கோதுமைய ஏர்போர்ட்ல எடை போட்டுத் தூக்கிட்டு வரணுமாம்மா?’’

‘‘போகும்போது இங்கேருந்து பத்து கிலோ இட்லி அரிசி தூக்கிட்டுப் போனியே, அது மட்டும் கனக்கலையா?’’